வரையப்பட்ட பூனையும் வாசலில் நிற்கும் பூனையும்

நவீன ஓவியத்தில் பூனை அடிக்கடி தென்படும் உயிர். பாப்லோ பிக்காசோ 1939 ஏப்ரலில் வரைந்த ஓவியத்தில் ஒரு பூனை பறவையைக் கவ்விப் பிடித்திருக்கிறது. ஸ்பெயின் உள்நாட்டுப் போர் முடிவுக்கு வந்த மாதம் அது. 1941இல், ஜெர்மானியரின் பிடியிலிருந்த பாரிஸில், நாற்காலியில் அமர்ந்திருக்கும் டோரா மார் என்ற பெண்ணையும் அவருக்குப் பின்னால் ஒரு சிறு கறுப்புப் பூனையையும் அவர் தீட்டினார். அந்த ஓவியம் 2006இல் நியூயார்க்கில் 9 கோடியே 52 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

பிக்காசோவுக்கு முன்பே பூனைகளால் புகழ்பெற்றவர் இங்கிலாந்தின் லூயிஸ் வெய்ன். அவருடைய மனைவி எமிலி புற்றுநோயால் படுக்கையில் கிடந்தபோது, அவரை மகிழ்விப்பதற்காகத் தங்கள் வீட்டுப் பூனை பீட்டரை வெய்ன் வரையத் தொடங்கினார். எமிலி 1887இல் இறந்துபோனார். வெய்னோ பூனைகளை வரைவதை வாழ்நாள் முழுதும் விடவில்லை.

இவற்றைப் பற்றிப் பேசினால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, உருவம் வரைவது கூடுமா என்பதே. அவசியமான கேள்விதான். உயிருள்ளவற்றின் சிலைகளைப் பெரும்பான்மையான அறிஞர்கள் தடுத்துள்ளனர். தட்டையான ஓவியங்கள் குறித்து அவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை மார்க்க அறிஞர்களிடமே கேட்டுத் தெளிவு பெறுவோம். ஆனால் குழந்தையின் கோப்பையில் உள்ள பூனைப் படத்தைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடும் நாம், கொல்லையில் குட்டி போட்ட பூனையைச் சாக்கில் கட்டி மீன் சந்தையில் விட்டுவருவதைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. இந்த மௌனமே என்னை உறுத்துகிறது.

பூனையை அடைத்துவைத்துச் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. அவள் அதற்கு உணவும் நீரும் தரவில்லை. பூமியிலுள்ள சிறு உயிர்களைத் தின்று பிழைக்கவும் விடவில்லை. அதன் காரணமாகவே நரக வேதனைக்கு ஆளானாள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். தாயைப் பிரிந்து, கட்டிய சாக்குக்குள் கிடக்கும் குட்டியின் நிலை இதற்கு எவ்வளவு தூரம்?

அபூ கதாதா (ரலி) அவர்களுடைய செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. அவருக்கு உளூச் செய்ய மருமகள் கப்ஷா தண்ணீர் எடுத்துவைத்தார். ஒரு பூனை வந்தது. அது குடித்து முடிக்கும் வரை அவர் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார். வியந்து பார்த்த மருமகளிடம், பூனை அசுத்தமானதன்று, நம்மைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார். நபியவர்களின் ஆடையில் பூனை உறங்கியதாகவும், அதன் உறக்கம் கலையாதிருக்க அவர்கள் ஆடையை வெட்டியதாகவும் பரவும் கதைக்கு ஹதீஸ் நூல்களில் ஆதாரமில்லை. ஆதாரமுள்ள செய்தியே போதுமானது: தொழுகைக்கு வைத்த நீரில் பூனைக்கும் பங்கு கிடைத்தது.

இஸ்தான்புல்லில் மக்கள் நேசித்த தொம்பிலி என்ற தெருப் பூனை 2016இல் இறந்தது. நடைபாதைப் படியில் ஒரு கையை ஊன்றிச் சாய்ந்திருக்கும் அதன் படம் உலகெங்கும் பரவியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அங்கேயே அதற்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். சிலை வைத்ததை நம்மில் பலர் ஏற்கமாட்டோம். ஆனால் அந்நகரத்துத் தெருக்களில் பூனைகளுக்கென்று நீரும் தீனியும் வைக்கும் வழக்கத்தை யார் மறுக்க முடியும்? நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வழக்கத்தையே.

பூனை வளர்ப்பது கடமையன்று. வளர்க்க விரும்பாதவர் தீங்கு செய்யாமல் விட்டால் போதும். குட்டிகள் பெருகுவது சிரமம் என்றால் கால்நடை மருத்துவரிடம் கருத்தடை பற்றி அறிஞர்களின் வழிகாட்டலோடு கேட்கலாம்; பால்குடி மறக்கும் வரை தாயோடு இருக்கவிட்டு, பிறகு விரும்புவோரிடம் ஒப்படைக்கலாம். கோடைக்காலத்தில் வாசலில் ஒரு மண்சட்டி நீர் வைக்க யாருக்கும் செலவில்லை. அதைப் பிள்ளைகளின் கையால் வைக்கச் சொல்லுங்கள். வாயில்லா ஜீவன்களிடம் இரக்கம் காட்டும் உள்ளத்தை அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் வழங்குவானாக.