நகர்த்திய காய் நகரவில்லையா? ரெஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க!

காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் வேலைக்குப் போய்வருபவர்களுக்கு கரஸ்பாண்டன்ஸ் செஸ் ரொம்பவே வசதி. லிசெஸ் போன்ற தளங்களில் ஒரு நகர்த்தலுக்கு 1 முதல் 14 நாள் வரை அவகாசம் வைத்து ஆடலாம்.

சிக்கல் எங்கே? பேட்டரியை மிச்சப்படுத்த, பின்னணியில் கிடக்கும் டேப்பை பிரவுசர் தூங்க வைத்துவிடும். வழியில் சிக்னல் போனாலும் சர்வருடன் தொடர்பு அறுந்துவிடும். திரையில் தெரிவது பழைய பலகை. கடிகாரமோ சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும். எதிராளி இன்னும் ஆடவில்லை என்று காத்திருந்தே தோற்றுப்போகலாம்.

டேப்பைத் திறந்ததும் ஒருமுறை, காயை நகர்த்தியதும் ஒருமுறை ரெஃப்ரெஷ் பண்ணுங்க. நகர்த்திய காய் அதே கட்டத்தில் நின்றால்தான் பதிவானதாக அர்த்தம். அப்பவும் சரியாகலையா? அந்தத் தளத்தின் டேட்டாவை மட்டும் அழித்து, மறுபடி லாகின் செய்யுங்க.

தளங்களுக்கும் பொறுப்பு உண்டு. தொடர்பு அறுந்ததை ஓரத்தில் சின்னதாகக் காட்டினால் போதாது. பலகையின் மேலேயே பெரிதாகச் சொல்ல வேண்டும். நாள்கணக்கில் யோசித்த ஆட்டத்தை நெட்வொர்க்கிடம் தோற்பது நியாயமே இல்லை.