காரீயத்தை ஈயம் என்று சொல்லாதீர்கள்

மெல்பர்னில் இருக்கும் என் அக்கா மகன் போன தீபாவளிக்குக் கிள்ளான் வந்திருந்தான். தாமான் செந்தோசாவில் என் வீட்டு முன்வாசலில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்தபடி கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். அவனுடைய கார் கொட்டகை. மேசைமேல் மின்சார உருக்குச் சட்டி, உள்ளே பாதரசம் போல மினுங்கும் உலோகம். அகப்பையால் மொண்டு இரும்பு அச்சில் ஊற்றுகிறான், சில நொடி பொறுக்கிறான், அச்சைத் திறந்து தட்டுகிறான். பழைய துணிமேல் விரல்கணு பருமனில் ஒரு குண்டு விழுகிறது. "மாமா, எல்லாம் என் கையாலேயே வார்த்த ஈயக்குண்டு" என்றான்.

விக்டோரியாவின் மலைக்காடுகளில் அவன் மிளா வேட்டைக்குப் போகிறான். உரிமம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் நம் பக்கத்து நாடுகளிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோய் அங்கே விட்ட மான்களின் வம்சம் அது. அவனிடம் இருப்பது ஒற்றைத்தோட்டா ரைபிள். ஒருமுறை சுட்டால் திறந்து, வெற்றுக்கூட்டை எடுத்துவிட்டு அடுத்த தோட்டாவைக் கையால் வைக்க வேண்டும். இரண்டாவது வெடிக்கு மான் காத்திருக்காது. ஆகவே அந்த ஒரே தோட்டா சொன்ன இடத்தில் பட்டாக வேண்டும். அதற்காக அவன் படும் பாட்டைக் கேட்டு அசந்துபோனேன். வார்த்த குண்டு ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்து, எடை குறைந்ததை மறுபடி சட்டியில் போடுகிறான். குழலின் உள்ளளவைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு பருத்திருக்கும்படி குண்டைச் சரிசெய்து, தேன்மெழுகு கலந்த கொழுப்பைப் பூசுகிறான். கையேட்டில் உள்ள மிகக் குறைந்த மருந்தளவில் ஐந்து தோட்டா செய்து, 100 மீட்டரில் நட்ட காகிதத்தில் சுட்டுப் பார்க்கிறான். துளிகூட அவசரமில்லாமல் ஏற்றி, இன்னொரு ஐந்து. இந்த உலோகம் மென்மையானது. வேகம் கூடினால் குழலின் உள்வரிகளில் இழுகி ஒட்டிக்கொள்ளும், குறி சிதறும். ஐந்து துளைகளும் ஒரு ஐம்பது சென் காசால் மூடும் அளவுக்கு நெருங்கி விழும்வரை மாதக்கணக்கில் இதே வேலை. நம் நாட்டில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் ஒரு தோட்டா கையில் இருந்தாலே குற்றம். அங்கே அது சட்டத்துக்கு உட்பட்ட கைவினை, அவன் அதைப் பக்தியோடு செய்கிறான்.

காணொளியின் ஓரத்தில் அவன் மகள் நின்றாள். ஆறு வயது. ஆறிய குண்டுகளை வெறுங்கையால் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையை ஏன்டா காரீயத்தைத் தொட விடுறே?" என்று கேட்டேன். "காரீயமா? ஈயம்தானே மாமா" என்றான். இதே பதிலை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பும் கேட்டிருக்கிறேன்.

நான் காப்பார் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டிரசராக, அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளராக, இருந்தவன். 1983இல் ஒரு பையனை என்னிடம் கொண்டுவந்தார்கள். நான்கு வயது இருக்கும். அடிவயிற்று வலி, மலம் இறங்கவில்லை, முகம் வெளுத்துக் கிடந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு வயிற்றுவலியும் சோகையும் என்றால் பூச்சி என்றே பழகியிருந்தேன். பூச்சி மருந்து கொடுத்தேன். பத்து நாள் கழித்து மறுபடி வந்தான், மறுபடி அதையே கொடுத்தேன். மூன்றாவது முறை அவனை அழைத்து வர ஆளில்லை என்று நானே லயத்துக்குப் போனேன். அடுப்படிக்குப் பின்னால் ஒரு சட்டி, பக்கத்தில் பிளந்து போட்ட லாரி பேட்டரியின் தகடுகள், சுவரில் பாதி முடிந்த வீச்சுவலை. அப்பா ஓய்வு நேரத்தில் வலைக்குக் குண்டு வார்க்கிறவர். பையன் அந்தச் சாம்பலில்தான் விளையாடுவான். "இதென்னங்க, காரீயமா?" என்றேன். "இல்லீங்க டிரசரய்யா, வெறும் ஈயம்தான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த சொல் அதுதான். பட்டணத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது காரீயம் ஏறியிருந்தது. வைத்தியம் செய்தார்கள், வலி போனது. ஆனால் அவன் பள்ளிக்குப் போன பிறகு எழுத்து பிடிபடாமல் திணறியதை நான் அருகிலிருந்து பார்த்தேன். அதற்கு இதுதான் காரணமென்று அறுதியிட்டுச் சொல்ல என்னால் முடியாது. நான் வீணாக்கிய அந்த இரண்டு வாரம் மட்டும் இன்றும் என்னை உறுத்துகிறது.

தமிழில் இரண்டு உலோகம் ஒரே பெயரில் உலாவுகின்றன. வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது என்றால் அதுவும் வெள்ளீயம். ஆனால் துப்பாக்கிக் குண்டும் தூண்டில் குண்டும் பேட்டரித் தகடும் காரீயம். மலாயில் தீமா பூத்தே, தீமா ஹித்தாம் என்று வெள்ளை, கறுப்புப் பிரித்துச் சொல்ல வழியிருந்தும் பேச்சில் அங்கேயும் வெறும் தீமாதான். அதிலும் நம் நாட்டுத் தமிழருக்கு ஈயம் என்றால் பெருமைக்குரிய சொல். 1857இல் கிள்ளானிலிருந்து ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் ஆற்றில் படகேறி வந்து அம்பாங் காட்டில் தேடியது வெள்ளீயத்தை. ஒரு மாதத்துக்குள் காய்ச்சலில் 69 பேர் மாண்டார்கள் என்றும், கோலாலம்பூர் அங்கிருந்துதான் தொடங்கியது என்றும் பள்ளியில் படித்திருக்கிறோம். ஈயச் சுரங்கம், ஈய லம்பம் என்று தாத்தா காலம் முதல் சொல்லி வளர்ந்த வாய்க்கு ஈயம் நஞ்சு என்று சொன்னால் எப்படி ஏறும்? ஊரையே வளர்த்த உலோகமாயிற்றே. அந்த நல்ல பெயரின் நிழலில் காரீயம் நம் அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு வேறுபாட்டைச் சொல்லித் தந்தவர் சித்தப்பா. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு, செந்தூல் பட்டறையில் வேலை. ரயில் பெட்டி அச்சுகளின் தாங்கிகளுக்கு வெள்ளை உலோகம் உருக்கி ஊற்றுகிறவர். பள்ளி விடுமுறையில் போனால் ஒரு வெள்ளீயக் கம்பியை என் காதருகே வைத்து வளைப்பார். கிரீச் என்று மெல்லிய சத்தம் வரும். "கேட்டியா, வெள்ளீயம் அழும். காரீயம் அழாது" என்பார். காரீயத்துண்டைக் காகிதத்தில் தேய்த்தால் பென்சில் போலச் சாம்பல் கோடு விழும், வெள்ளீயத்தில் அப்படி விழாது. வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகும், காரீயத்துக்கு 327 வேண்டும். காரீயத்தைத் தொட்டால் சோற்றைத் தொடும் முன் கையைக் கழுவ வைப்பார். ஏனென்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

காரணத்தைப் பிறகு பாடத்தில் படித்தேன். காரீயத்தை உடம்பு சுண்ணாம்புச்சத்து என்று ஏமாந்து எலும்புக்குள் சேர்த்து வைக்கிறது. பல ஆண்டுகள் அங்கே தங்கும், கர்ப்பத்தில் மெல்ல வெளியேறிக் கருவுக்கும் போகும். வயிற்றுக்குள் போன காரீயத்தில் பெரியவர் உடம்பு பத்தில் ஒரு பங்கு அளவே எடுத்துக்கொள்ளும். சிறு பிள்ளை பாதி வரை எடுத்துக்கொள்ளும், பசியோடு இருந்தால் இன்னும் கூட. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறதென்று தேடிப் பிடியுங்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இதற்குக் கீழே என்றால் ஆபத்தில்லை என்று எந்த அளவையும் அது சொல்லவில்லை.

அடுத்தது காட்டுப்பன்றிக் கறி. இதை எழுதினால் வருத்தப்படும் நண்பர்கள் எனக்கு உண்டு. செம்பனங்கன்றின் குருத்தைத் தோண்டித் தின்னும் பன்றியைச் சுடுவதைத் தோட்டத்தில் யாரும் குறை சொன்னதில்லை. எங்கள் தோட்டத்தில் உரிமம் பெற்ற ஒத்தக்குழல் துப்பாக்கி ஒன்றுதான் இருந்தது. கிராணி ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு வைப்பார். பன்றி விழுந்தால் லயமெல்லாம் பங்கு. நானும் சாப்பிட்டவன்தான். பல்லில் காரீய ரவை கடிபட்டால் துப்பிவிட்டுச் சிரிப்போம். கடிபட்ட ரவையால் பெரிய கேடில்லை. கடிபடாமல் விழுங்கியதும், எலும்பில் மோதித் தூளாகிச் சதைக்குள் கலந்ததும்தான் கேடு. புளியும் வினிகரும் ஊற்றி மணிக்கணக்கில் வேகவைக்கும்போது அந்தத் துகள் குழம்பிலேயே கரையும்.

2008இல் அமெரிக்காவின் வட டகோட்டாவில், ஏழைகளுக்குத் தானமாகத் தந்த மான்கறிப் பொட்டலங்களில் நூறு போல எடுத்து ஒரு மருத்துவர் கதிர்ப்படம் பிடித்தார். பாதிக்கு மேற்பட்டவற்றில் உலோகத் துகள். அதே ஆண்டு அங்கே 738 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது வேட்டைக்கறி சாப்பிடுவோரிடம் காரீயம் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தது. பயந்து ஓடும் அளவு இல்லை, சற்றுத்தான். பெரியவர்களுக்கு அது பெரிய விஷயமாக இல்லாமல் போகலாம். என் கவலை, மடியில் உட்கார்ந்து அதே தட்டில் தின்னும் பிள்ளையைப் பற்றியது. டென்மார்க் 1996இலேயே காரீய ரவையை வேட்டையிலிருந்து விலக்கியது, 2024இல் ரைபிள் குண்டுக்கும் தடை போட்டது. கலிஃபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்குக் காரீயம் கிடையாது. அங்கெல்லாம் வேட்டை நிற்கவில்லை. செம்பு, பிஸ்மத், இரும்பு என்று மாறிக்கொண்டது.

இங்கே மாறுவது அத்தனை சுலபமில்லை என்பது எனக்குத் தெரியும். பழைய ஒத்தக்குழலில் இரும்பு ரவையைப் போட்டால் குழல் தாங்காமல் போகலாம், பிஸ்மத் தோட்டா விலை அதிகம். மாறும்வரைக்குமாவது வனவிலங்கு இலாகா பன்றி வேட்டை உரிமத்தோடு ஒரு தாளைச் சேர்த்துத் தரட்டும். காயத்தைச் சுற்றி ஒரு சாண் சதையை வெட்டி எறியுங்கள், நசுங்கிய கறியைக் கொத்துக்கறிக்குப் போடாதீர்கள், சிறு பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் இந்தப் பங்கு வேண்டாம் என்று அந்தத் தாளில் இருக்கட்டும். மலாயில், சீனத்தில், தமிழில். தமிழில் அச்சிடும்போது காரீயம் என்றே அச்சிடட்டும்.

தூண்டில் குண்டு அதைவிடச் சுலபம். கேரித் தீவு ஆற்றங்கரையில் சனிக்கிழமை எத்தனை தமிழ்ப் பையன்கள் தூண்டில் போடுகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். கை ஒழியாதபோது குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் நெரிக்கிறார்கள். கடையில் அது விலாசமில்லாத பிளாஸ்டிக் பையில் தொங்குகிறது. உலகின் பழம்பெரும் வெள்ளீய உருக்காலைகளில் ஒன்றைப் பட்டர்வொர்த்திலிருந்து நம் பூலாவ் இண்டாவுக்கே கொண்டுவந்திருக்கிறார்கள். 1885இல் தொடங்கிய ராயல் சிலாங்கூர் நம் வெள்ளீயத்தில் குவளை செய்து உலகுக்கே விற்கிறது. அந்த உலோகத்தில் ஒரு தூண்டில் குண்டு செய்ய இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆளில்லை என்று நான் நம்பமாட்டேன். எடை குறைவு என்பார்கள். உண்மைதான், காரீயத்தின் அடர்த்தியில் வெள்ளீயம் மூன்றில் இரண்டு பங்கே. குண்டு கொஞ்சம் பெருக்கும். விலையும் பல மடங்கு. ஒரு தூண்டிலுக்கு வேண்டியது சில கிராம், அந்தச் செலவைத் தாங்கலாம். வீச்சுவலைக்குக் கிலோக்கணக்கில் வேண்டும், அதற்கு இரும்புச் சங்கிலி இருக்கிறது.

டயர்க் கடைகளிலிருந்து சக்கர எடைக்கட்டிகளை வாங்கிவந்து வீட்டில் உருக்குவோருக்கு ஒரு வார்த்தை. சமையல் சட்டி வேண்டாம், சமையலறை வேண்டவே வேண்டாம். மேலே மிதக்கும் சாம்பல் கசடுதான் பிள்ளைகளுக்கு முதல் ஆபத்து, அதைக் கூட்டித் தூசியாக்காதீர்கள். ஈரக் கட்டி ஒன்று உள்ளே விழுந்தால் உலோகம் முகத்தில் வெடிக்கும். பேட்டரித் தகட்டைத் தொடவே தொடாதீர்கள்.

கிளினிக்கில் இருக்கும் இளம் மருத்துவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வெளுத்த பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால், அப்பா மீன் பிடிப்பாரா, வீட்டில் எதையாவது உருக்குவாரா என்று விசாரியுங்கள். ஈயம்தான் என்று பதில் வந்தால் எந்த ஈயம் என்று இன்னொரு முறை கேளுங்கள். 1983இல் முதல் இரண்டு முறையும் நான் கேட்கத் தவறிய கேள்வி அது. நம் பத்திரிகைகளும் பாடநூல்களும் வெறும் ஈயம் என்று எழுதுவதை இன்றோடு நிறுத்தினால் அந்தக் கேள்விக்கே பாதி அவசியம் இருக்காது.

அக்கா மகன் முதலில் கோபித்துக்கொண்டான். மெல்பர்ன் போய் இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு கொட்டகைக் கதவுக்குப் பூட்டு போட்ட படம் வந்தது. செம்புக் குண்டு வாங்கி, பழையபடி ஐந்து ஐந்தாகக் காகிதத்தில் சுட்டுப் பார்க்கத் தொடங்கியிருக்கிறான், இன்னும் குறி நெருங்கவில்லையாம். பிள்ளைக்கு வரும் புதன்கிழமை ரத்தம் எடுக்கிறார்கள். எண் எதுவானாலும் உடனே எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.