ஏழு வயது தாண்டிய கார்களையும் ரீகால் விதியில் சேருங்கள்



கோவையில் கார் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். எங்களிடம் வருபவற்றில் பாதிக்கு மேல் பத்து, பதினைந்து வருஷம் ஓடிய ஜெர்மன் சொகுசுக் கார்கள். புதிதில் ஐம்பது லட்சம் வரை விலை போன வண்டி, இன்று ஒரு புதுச் சின்னக் காரின் விலைக்குப் பழைய கார் கன்சல்டிங்கில் கிடைக்கிறது. டெல்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் கார்களுக்குத் தடை வந்தபின், தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கிக்கொண்டு தெற்கே வந்த வண்டிகளும் ஏராளம். வாங்குகிறவர்கள் கோடீஸ்வரர்கள் அல்லர். சின்ன வியாபாரிகள், சம்பளக்காரர்கள், கார் மோகம் கொண்ட இளைஞர்கள். குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும் நம் ரீகால் விதிகள் இவர்களைக் கைகழுவிவிட்டன என்பதே என் புகார்.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ஆபத்தான குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும்படி கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்தது. நல்ல சட்டம். ஆனால் 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதிகள், ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளோடு நின்றுவிட்டன. அதற்குமேல் கம்பெனி தானாக மனம் வைத்தால்தான் உண்டு.

வயதாக ஆகத்தான் தலைகாட்டும் குறைகளை இந்த விதி என்ன செய்யும்? டகாட்டா ஏர்பேக் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பையை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டரில் அந்த ஜப்பானியக் கம்பெனி அம்மோனியம் நைட்ரேட்டை அடைத்தது. ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்காத வகைகளில், வருஷக்கணக்கான வெயிலும் காற்றின் ஈரமும் அந்த வெடிமருந்தைக் கெடுத்துவிடுகின்றன. மோதலின்போது அது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிய, உலோகக் கூடு வெடித்து, ஓட்டுபவரின் முகத்திலும் கழுத்திலும் துண்டுகள் பாய்கின்றன. அமெரிக்காவில் மட்டும் 25 பேருக்கு மேல் இதில் இறந்தார்கள், சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் ரீகாலுக்கு உள்ளாயின. புளோரிடா போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளுக்கு அங்கே முதலிடம் கொடுத்தார்கள். சென்னையும் தூத்துக்குடியும் எந்த வகைப் பருவநிலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2023 மே மாதம், 2000 முதல் 2006 வரையிலான மாடல்களில் சுமார் 90,000 கார்களின் உரிமையாளர்களிடம், ஏர்பேக்கை மாற்றும்வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்று பிஎம்டபிள்யூ அமெரிக்காவில் எச்சரித்தது. அப்போது அந்தக் கார்களில் மிகப் புதியதற்கே பதினாறு, பதினேழு வயது. நம் விதிப்படி பார்த்தால் அவை எல்லாமே கணக்கில் வராதவை.

பழைய காரை வாங்கியவன் தலையெழுத்து என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. பிரிட்டனில் 2016 கிறிஸ்துமஸ் நாளில், மின்சாரம் மொத்தமாகச் செயலிழந்து பிரேக் விளக்குகூட எரியாமல் சாலையில் நின்றது ஒரு பிஎம்டபிள்யூ. அதன்மேல் மோதாமலிருக்க வண்டியை ஒடித்துத் திருப்பிய இன்னொரு காரின் ஓட்டுநர் உயிரிழந்தார். 2018-இல் அதே கோளாறுக்காக அங்கே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் ரீகால் செய்யப்பட்டன. அவற்றில் பல ஏழு வயதைக் கடந்தவை.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பழைய சொகுசுக் காரின் எல்லாச் செலவையும் கம்பெனி தலையில் கட்டச் சொல்லவில்லை. ஆயில் கசிவு, வெடித்துப்போகும் பிளாஸ்டிக் கூலன்ட் குழாய், உட்கார்ந்துவிடும் ஏர் சஸ்பென்ஷன் எல்லாம் தேய்மானம். பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் இன்ஜினில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் பெரிய பாகங்களை இறக்கியாக வேண்டும். அந்தச் செலவுக்குத் துணிந்துதான் வாங்க வேண்டும். உயிரைப் பறிக்கும் வடிவமைப்புக் குறை வேறு கணக்கு. அது தொழிற்சாலையிலிருந்தே வண்டியோடு வந்தது.

இன்னொரு கொடுமை, ரீகால் அறிவிப்பு வந்தாலும் இப்போதைய உரிமையாளருக்குப் போய்ச் சேருவதில்லை. கம்பெனி கையில் இருப்பது பெரும்பாலும் முதல் உரிமையாளரின் விலாசம். வண்டி டெல்லியிலிருந்து ஈரோட்டுக்கு வந்து மூன்று கை மாறியிருக்கும். பேர் மாற்றத்தின்போதும் ரீகால் பாக்கியையோ, வண்டியில் ஏர்பேக் இருக்கிறதா என்பதையோ யாரும் பார்ப்பதில்லை. ஹாரன் அடிக்கவில்லை என்று ஒரு தம்பி கொண்டுவந்த காரின் ஸ்டியரிங்கைக் கழற்றினோம். மூடிக்குப் பின்னால் ஏர்பேக்கே இல்லை. அதன் ஒயரில் அரிசி அளவு ரெசிஸ்டர் ஒன்றை மாட்டியிருந்தார்கள். கம்ப்யூட்டர் அதை ஏர்பேக் என்றே நம்பி, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கை முறையாக எரித்து முறையாக அணைத்துக்கொண்டிருந்தது. அந்தத் தம்பி தன் குடும்பத்தோடு அதில்தான் திருப்பதி வரை போய்வந்திருக்கிறார். பேசக்கூட முடியாமல் நின்றார். தனியார் கார் பதினைந்து வருஷம் முடிந்து தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) போகும்வரை, இதையெல்லாம் கேட்க ஒரு அதிகாரியும் இல்லை.

மற்ற நாடுகளில் வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ரீகால் பழுதை இலவசமாகச் சரிசெய்தாக வேண்டிய காலம் பத்து வருஷமாக இருந்தது. 2015-இல் வந்த சட்டம் அதைப் பதினைந்தாக உயர்த்தியது. ஜெர்மனியில் மத்திய வாகன ஆணையத்தின் பதிவேட்டிலிருந்து இப்போதைய உரிமையாளரின் விலாசத்தை எடுத்துக் கடிதம் அனுப்புகிறார்கள். கட்டாய ரீகாலுக்கு வராத வண்டியை ஓட்டவே அங்கே தடை விதிக்க முடியும்.

நம்மிடம் அரசின் வாகன் பதிவுத் தளத்தில் வண்டிகளின் சேசிஸ் எண்ணும் இன்றைய உரிமையாளரின் விவரமும் இருக்கின்றன. கம்பெனிகளின் ரீகால் பட்டியலை அதோடு இணைத்துவிட்டால், பேர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும்போதே வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஏழு வயது வரம்பைக் குறைந்தது பதினைந்தாக உயர்த்தவும் விதித் திருத்தம் போதும். உரிமையாளர்களின் புகார்கள் குறிப்பிட்ட அளவை எட்டியபின் அரசு விசாரிக்கும் என்ற முறையையும் மாற்ற வேண்டும். சில நூறு மட்டுமே விற்ற சொகுசு மாடலுக்கு அத்தனை புகார்கள் எங்கிருந்து வரும்? தமிழக எம்.பி.க்கள் இதை நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டும். பிஎம்டபிள்யூ ஆலை தமிழகத்திலேயே, மஹிந்திரா சிட்டியில் 2007 முதல் இயங்குகிறது. அங்கே முதலில் தயாரான கார்கள் பதினைந்து வயதைத் தாண்டிவிட்டன.

விதி மாறும்வரை, பழைய கார் வைத்திருக்கும் வாசகர்கள் ஆர்.சி. புத்தகத்திலுள்ள பதினேழு இலக்கச் சேசிஸ் எண்ணை எழுதி, முடிக்காத ரீகால் ஏதாவது உண்டா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒர்க்‌ஷாப் நடத்தும் வாசகர்,
கோயம்புத்தூர்.