கைக்குழந்தையோடு டிஸ்னி வேர்ல்டு

ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ அருகே இருக்கும் டிஸ்னி வேர்ல்டில் 3 வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. 'இலவசம்தானே!' என்று கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு கிளம்பும் குடும்பங்கள் ஏராளம். தாராளமாகப் போகலாம். ஆனால், பயப்பட வேண்டியது ராட்டினத்துக்கு அல்ல, வெயிலுக்கு.

ஜூலை, ஆகஸ்ட் மதியங்களில் அங்கே 33 டிகிரி செல்சியஸ் சாதாரணம். கூடவே சென்னையை நினைவூட்டும் புழுக்கம். பிள்ளை மேல் வெயில் படக்கூடாதே என்று பலர் ஸ்ட்ரோலர் மேல் துணியைப் போர்த்திவிடுகிறார்கள். பார்வைக்கு நிழல்தான். ஆனால் காற்றோட்டம் நின்றுபோய், உள்ளே வெளியைவிடச் சூடு ஏறிவிடும். குழந்தை தூங்குகிறதா, துவண்டு கிடக்கிறதா என்பதும் தெரியாது. 6 மாதம் ஆகாத குழந்தைக்குத் தாகமெடுக்குமே என்று தண்ணீர் புகட்டவும் கூடாது. பால்தான், வழக்கத்தைவிட அடிக்கடி.

அங்குள்ள 4 தீம் பார்க்குகளிலும் பேபி கேர் சென்டர் உண்டு. ஏ.சி., பால் கொடுக்கத் தனி இடம், டயப்பர் மாற்ற மேசை எல்லாம் இருக்கும். உள்ளே நுழைந்ததும் மிக்கி மவுஸுக்கு முன்னால் தேட வேண்டியது இதைத்தான்.

பெரிய ரைடுகளுக்கு 'ரைடர் ஸ்விட்ச்' வசதி இருக்கிறது. வாசலில் நிற்கும் ஊழியரிடம் சொல்லிவிட்டால், அப்பா போய்வரும்வரை அம்மா குழந்தையோடு இருக்கலாம். பிறகு அம்மா மறுபடி முழு வரிசையிலும் நிற்காமல் ஏறலாம். (அம்மா முதலில் போனாலும் யாரும் தடுக்கமாட்டார்கள்!)

மதியம் 12 மணிக்கு அறைக்குத் திரும்பி, குழந்தையைத் தூங்கவைத்து, மாலை 5 மணிக்கு வந்தாலும் அன்றைக்கு அதே டிக்கெட் செல்லும்.