ஐந்து நிமிடம் உட்காரட்டும்

காலை பஸ் தென்காசியில் வந்து நிற்கிறது. பக்கத்துக் கிராமத்து அம்மாள் ஒருவர் இறங்குகிறார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பீடி சுற்றிக் காய்த்த விரல்கள். சிறுநீரகம் பழுதாகி வருகிறது என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது.

நேரமாகிவிட்டது. ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறார். சீட்டு வாங்குகிறார். வரிசையில் நிற்கிறார். மூச்சு வாங்க முக்காலியில் உட்கார்ந்த உடனே, ரவிக்கைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றுகிறார்கள். கை அந்தரத்தில் தொங்குகிறது.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுதீங்களா?"

"சாப்பிடுதேன்மா. ஒரு நாளும் விட்டதில்ல."

அவர் பேசி முடிப்பதற்குள் கருவி ஓர் எண்ணைக் காட்டிவிட்டது. 168! சீட்டில் அது ஏறுகிறது. மாத்திரை கூடுகிறது. அம்மாள் அடுத்த பஸ்சைப் பிடிக்க ஓடுகிறார்.

எந்த ஊரிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. அந்த 168 உண்மைதானா? யாருக்கும் தெரியாது. தெரியாத எண்ணை வைத்துத்தான் வைத்தியம் நடக்கிறது.

பொங்குமாகடல்

குற்றாலம் பேரருவியில் குளித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். மலை உச்சியிலிருந்து விழும் தண்ணீர் நேராகத் தலையில் விழுவதில்லை. நடுவழியில் பொங்குமாகடல் என்ற பள்ளத்தில் விழுகிறது. அங்கே பொங்கி, வேகம் தணிந்த பிறகுதான் கீழே வருகிறது. அதனால்தான் மனிதன் அதன் அடியில் நிற்க முடிகிறது.

சிறுநீரகத்துக்குள்ளும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்னஞ்சிறு ரத்தக் குழாய். ரத்தம் வேகமாக வந்தால் அது சுருங்கிக்கொள்ளும். வேகத்தைத் தணித்துத்தான் உள்ளே விடும்.

நோய் நாள்பட்டால் இந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது. ரத்தத்தின் வேகம் அப்படியே வடிகட்டியில் போய் மோதுகிறது. வடிகட்டி தழும்பாகிச் செத்துப்போகிறது. அதன் வேலையும் மிச்சம் உள்ளவற்றின் தலையில் விழுகிறது. பழுதான சிறுநீரகம் உப்பையும் நீரையும் சரியாக வெளியேற்றாது. அதனால் கொதிப்பு மேலும் ஏறும். கொதிப்பு சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. சிறுநீரகம் கொதிப்பைக் கூட்டுகிறது.

பேரருவியில் வெள்ளம் வந்தால் வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டும். போலீசார் குளிக்கத் தடை போடுவார்கள். அதைப் பார்க்க ஒரு கண் போதும். ரத்தக் கொதிப்பு கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலும் வலியும் கிடையாது. கருவி ஒன்றுதான் சாட்சி. சாட்சியே பொய் சொன்னால் என்ன செய்வது?

கருவி ஏன் பொய் சொல்கிறது?

கருவியைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கேட்கிற முறையில்தான் கோளாறு.

ஓடி வந்தவருக்கு எண் ஏறும். பேசிக்கொண்டிருந்தால் ஏறும். கை தொங்கினால் ஏறும். காபி, டீ குடித்தோ பீடி, சிகரெட் பிடித்தோ அரைமணி நேரம் ஆகவில்லை என்றால் ஏறும். பருமனான கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால், இல்லாத கொதிப்பைக் காட்டும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டையைச் சுற்றினால் இருக்கிற கொதிப்பைக் குறைத்துக் காட்டும்.

சிறுநீரை அடக்கி வைத்திருந்தாலும் எண் ஏறும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நீர் பிரிவதற்கு மாத்திரை சாப்பிடுகிற பெண் ஒரு மணி நேரம் பஸ்சில் வருகிறார். வழியில் ஒதுங்க இடம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும், வரிசையில் இடம் போய்விடுமே என்று அடக்கிக்கொண்டு நிற்கிறார். அவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "போயிட்டு வந்துட்டீங்களாம்மா?" என்பதுதான்.

பொய்யான எண்ணால் இரண்டு பக்கமும் ஆபத்து. இல்லாத கொதிப்புக்கு மருந்தைக் கூட்டினால், அந்த அம்மாள் படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றி விழுவார். அழுத்தம் மிகவும் தாழ்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறையும். இன்னொருவருக்கு ஆஸ்பத்திரியில் சரியாக இருக்கும், வீட்டில் ஏறும். சாதாரணமாக இரவுத் தூக்கத்தில் கொதிப்பு இறங்க வேண்டும். சிறுநீரக நோயாளிகள் பலருக்கு அது இறங்குவதில்லை. "எல்லாம் நல்லா இருக்கு" என்று வீட்டுக்குப் போனவர், சில வருஷம் கழித்து டயாலிசிஸ் கட்டிலில் படுக்கிறார். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் நாலு மணி நேரம். பிழைப்பு என்ன ஆகும்?

120 எங்கிருந்து வந்தது?

மேல் எண் 120-க்குக் கீழே இருக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது எங்கும் அடிபடுகிறது. 2015-ல் அமெரிக்காவில் 'ஸ்பிரிண்ட்' என்ற பெரிய ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. 9,361 பேர் அதில் பங்கு கொண்டார்கள். கால் பங்குக்கும் மேல் சிறுநீரகம் பழுதானவர்கள். 140-க்குக் கீழே போதும் என்று விடப்பட்டவர்களைவிட, 120-க்குக் கீழே கொண்டுவர வைத்தியம் பெற்றவர்களிடம் இதய நோயும் மரணமும் குறைந்தன. சிறுநீரக நோயாளிகளில் மிகப் பலரின் உயிரை வாங்குவது இதயக் கோளாறுதான். ஆகவே இது சின்ன விஷயம் அல்ல. உலகச் சிறுநீரக மருத்துவ அமைப்பான 'கேடிகோ'வும், டயாலிசிசுக்கு வராத நோயாளிகளுக்கு இதே இலக்கை 2021-ல் சொன்னது.

ஆனால் 120 மட்டும்தான் ஊருக்கு வந்து சேர்ந்தது. கூடவே வந்திருக்க வேண்டிய நிபந்தனை வழியிலேயே தங்கிவிட்டது. அந்த ஆராய்ச்சியில் நோயாளியை ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்தார்கள். மூன்று தடவை அளந்தார்கள். சராசரியை எழுதினார்கள். அப்படி எடுத்த எண்ணுக்குத்தான் 120 இலக்கு. ஓடி வந்தவரிடம் ஒரே தடவை எடுத்த எண்ணுக்கு அதே இலக்கை வைப்பது, உழக்கைக் கொண்டு மரக்கால் கணக்கு எழுதுவது போல. வயோதிகர்களுக்கும், எழுந்தால் தலை சுற்றுகிறவர்களுக்கும் என்ன இலக்கு என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெஞ்சுக்கு வரட்டும் கருவி

"கூட்டம் வாசல் வரைக்கும் நிற்கிறது. ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் பொழுது சாய்ந்துவிடுமே" என்று நர்சுகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நோயாளி எப்படியும் காத்திருக்கத்தான் செய்கிறார். நின்றுகொண்டு காத்திருக்கிறார், அவ்வளவுதான். வரிசை நிற்கிற இடத்தில் முதுகு சாய்கிற பெஞ்சைப் போட்டால் அந்தக் காத்திருப்பே ஓய்வு ஆகிவிடும். முறை வந்ததும் நோயாளியை எழுப்பி நடத்திக் கூட்டிப்போக வேண்டாம். கருவி பெஞ்சுக்கு வரட்டும். கால் தரையில் பதிந்திருக்கட்டும். கையை நெஞ்சு உயரத்துக்கு ஒரு மேஜை மேல் வைத்து, வெறும் கையில் பட்டையைச் சுற்றி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்தால் போதும். பெரிதும் சிறிதுமாக இரண்டு மூன்று பட்டைகள், கூப்பிடு தூரத்தில் சுத்தமான கழிப்பறை. இவ்வளவுதான் செலவு. 2019-ல் தனி மாவட்டமான தென்காசி இதில் மற்ற மாவட்டங்களுக்கு வழி காட்டலாமே!

வீட்டிலேயே அளப்பது இன்னும் நல்லது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. சென்னையின் சிறுநீரக நிபுணர் டாக்டர் எம். கே. மணியும் அவர் சார்ந்த 'கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்'டும் 1990-களின் கடைசியில் சென்னையை அடுத்த கிராமங்களில் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். சுமார் 25,000 மக்கள். பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய்க் கொதிப்பை அளந்தார்கள். சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். சர்ப்பகந்தி வேரிலிருந்து கண்டெடுத்த ரிசர்பின் போன்ற பழைய, மலிவான மருந்துகளையே கொடுத்தார்கள். பெரும்பாலோருக்குக் கொதிப்பு அடங்கியது. ஆண்டுக்கு ஆன செலவு, ஊர் ஜனத்தொகையில் தலைக்கு அரை டாலருக்கும் குறைவு!

2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் ஊழியர்கள் வீடு தேடி வந்து கொதிப்பைப் பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது அம்மாள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டே கையை நீட்டக் கூடாது. இலையையும் தூளையும் ஒதுக்கி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, வாயை மூடி ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். வந்தவருக்குப் பதநீரோ காபியோ கொடுத்து உபசரிப்பதும், மகள் வீட்டுக் கதை பேசுவதும் அளந்த பிறகு ஆகட்டும்.

சொந்தக் கருவி வாங்க எல்லோராலும் முடியாது. ஒரு மகளிர் குழு சேர்ந்து ஒன்று வாங்கலாம். மணிக்கட்டில் கட்டுகிற கருவி வேண்டாம். மேல் கையில் சுற்றுகிற கருவியே நம்பகமானது. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்திய ஏழு நாளும் காலையில் மாத்திரைக்கு முன்பும், மாலையிலும் இரண்டிரண்டு தடவை அளந்து எழுத வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பேரப்பிள்ளை எழுதிக் கொடுப்பான். அந்த நோட்டு, ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஒரு எண்ணைவிட டாக்டருக்கு எவ்வளவோ மேல்.

இன்னொன்று. டயாலிசிசுக்காகச் சிலருக்கு ஒரு கையில் ரத்தக் குழாய்களை அறுவை செய்து இணைத்திருப்பார்கள். அந்தக் கையில் பட்டையைச் சுற்றி இறுக்கவே கூடாது. இணைப்பு அடைத்துப்போனால் டயாலிசிஸ் செய்ய வழி இல்லாமல் திண்டாட நேரும். புதிதாக வந்த நர்சுக்கு அது தெரியாமல் இருக்கலாம். "இந்தக் கையில வேண்டாம்மா, அடுத்த கையில பாருங்க" என்று நோயாளி சொல்ல வேண்டும். அவர் மயங்கிக் கிடந்தால், கூட வந்தவர் சொல்ல வேண்டும்.