முகப்பை மாற்றுமுன்

எங்கள் துறையின் உள்வலைத்தளத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள். கல்லூரி ஆசிரியர்களாகிய எங்களிடமும் கருத்துக் கேட்டுச் சுற்றறிக்கை வந்தது. வினாக்கள் பெரும்பாலும் முகப்புப் படத்தையும் நிறத்தையும் பற்றியவை. நாங்கள் சொல்ல விரும்புவது வேறு.

ஓய்வுபெறவிருந்த மூத்த பேராசிரியர் ஒருவரின் பணிக்காலக் கணக்கில் தணிக்கையில் ஓர் ஐயம் எழுந்தது. அதைத் தீர்க்கும் பழைய ஆணை அத்தளத்தில் இருப்பதை அனைவரும் அறிவோம். தேடினால் அகப்படவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டிக் கண்டெடுத்துத் திறந்தால், திரை முழுவதும் தலையில் புள்ளியும் கோடும் சுமந்த ஐரோப்பிய எழுத்துகள்! இறுதியில் பதிவறை எழுத்தர்தான் கட்டை அவிழ்த்து அரைமணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தார். அதற்குள் ஓய்வூதியக் கருத்துரு இரண்டு மாதம் தேங்கிவிட்டது.

காரணம் எளியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களை ஏற்றது. அன்றைக்கு அது பெரிய முன்னேற்றம். இன்றிருந்து குறைகூறுவது முறையன்று. ஆனால் அம்முறைகள் எழுத்தின் வரிவடிவத்தைத் துண்டு துண்டாகவே சேமித்தன. 'கொடை' என்னும் சொல்லின் முதலெழுத்து அங்கே ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகள். ஒருங்குறியிலோ முதலில் ககரம், அதன்பின் ஒகரக் குறி. 2010இல் அரசே ஒருங்குறியை ஏற்றது. பழைய கோப்புகளில் பல அப்படியே நின்றுவிட்டன. இன்று நாம் தட்டச்சிடும் சொல்லும் அன்று சேமித்த சொல்லும் திரையில் ஒன்றாகத் தோன்றலாம். கணினிக்கு அவை ஒன்றல்ல.

இலக்கிய வாசகருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அக்காலத்தில் சிற்றிதழ் நடத்திய நண்பர்களின் பழைய குறுந்தட்டுகளைத் திறந்து பார்த்தால் விடை கிடைக்கும். ஓலை நைந்தால் நம் முன்னோர் புதிய ஓலையில் படியெடுத்தார்கள். மேற்சட்டத்துக்கு வண்ணம் பூசி வைத்துவிடவில்லை.

பழைய ஆணைகளை ஒளிவருடிப் படங்களாக ஏற்றலாம் என்ற யோசனையும் பேசப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும், தேடலுக்கு அகப்படாது. ஆவணங்களை முறையாகப் பட்டியலிட்டு அட்டவணைப்படுத்தி வைக்க வேண்டும் என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4 விதிக்கும் கடமை. பட்டியலை எப்படி வகுப்பதென்று பதிவறை எழுத்தரைத்தான் முதலில் கேட்க வேண்டும். அவரிடம் வருபவர் எவரும் ஆணை எண்ணைச் சொல்லிக் கேட்பதில்லை. "ஈட்டிய விடுப்புச் சரண் பற்றியது, ஐயா" என்றே கேட்கிறார்கள்.

குறியேற்றத்தை மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும் தமிழும் ஆங்கிலமும் விரவிய கோப்புகளில் அவை ஆங்கிலத்தையும் தமிழாகக் கருதிக் குழப்பிவிடுவதுண்டு. மனிதக் கண் வேண்டும். மெய்ப்புப் பார்த்துப் பழகிய தமிழாசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம். கோடை விடுமுறையில் இரண்டு வாரங்களைத் தர இசைந்திருக்கிறோம்.

சுற்றறிக்கைக்கு விடையாக இதையே எழுதி அனுப்பியுள்ளோம். நிறம் எதுவாயினும் எங்களுக்கு உடன்பாடே.