சார் சியூ: சாயமா, காந்தலா?

இந்தத் தடவை பன்றிக்கறி. சாப்பிடாதவங்க அப்படியே தாண்டிப் போயிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன். மத்தவங்க உக்காருங்க, கொஞ்சம் பேசணும்.

சிங்கப்பூர், மலேசியாப் பக்கம் இருக்கறவங்களுக்கு சார் சியூவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உணவங்காடியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள கொக்கியில சிவப்பா தொங்குமே, வான்டன் நூடுல்ஸ் மேல மெல்லிசா நாலு துண்டு வெட்டிப் போடுவாங்களே, அதேதான். மத்த ஊர்க்காரங்களுக்காக: இது கான்டனீஸ்காரர்களின் பண்டம். சொந்த ஊர் குவாங்டாங் மாகாணமும் ஹாங்காங்கும். 'சா' என்றால் கவை, 'சியூ' என்றால் சுடுவது. கவையில் குத்திச் சுட்ட கறி. பெயரில் சாஸும் இல்லை, சிவப்பும் இல்லை. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

சரி, மேட்டருக்கு வருவோம். "வீட்டிலேயே சார் சியூ" என்று எங்கே பார்த்தாலும் குறிப்பு. நிறைய குறிப்புகள் ஒரே அச்சு: கொழுப்பில்லாத கறி வாங்கு, பாட்டில் சாஸ் ஊத்து, சிவப்பு கலர் போடு, அவனில் வை. வெளியே வர்றது பெயின்ட் அடிச்ச தக்கை. இதுக்கு எதிர்க்கட்சி ஒண்ணு இருக்கு: "அதெல்லாம் கடை மாஸ்டர் கைக்குத்தான் வரும், வீட்டுல முயற்சியே பண்ணாதே." நான் ரெண்டு கட்சியிலும் இல்லை. வீட்டில் செய்யலாம். செய்யணும்னே சொல்வேன். ஆனா எதை விடலாம், எதை விடக்கூடாதுன்னு தெரிஞ்சு செய்யணும்.

எதிர்க்கட்சி சொல்றதிலும் நியாயம் இருக்கு. ஹாங்காங் வீடுகள்ல வழக்கமா அடுப்பும் வாணலியும்தான், அவன் கிடையாது. அதனால சுட்ட கறி என்பது கடைச் சரக்கு. 'சியூ மெய்' கடையில வாத்து, மொறு மொறு பன்றி வயிறு, சார் சியூ எல்லாம் தொங்கும். வேலை முடிஞ்சு வர்ற வழியில கொஞ்சம் வெட்டி வாங்கிட்டு வந்து ராத்திரிச் சாப்பாட்டோட சேர்த்துக்கிறது அந்த ஊர் வழக்கம். நம்ம ஊர்ல திடீர் விருந்தாளி வந்தா பரோட்டாக் கடைக்கு ஓடுற மாதிரி :-)

அந்த மக்களுக்கு இது எவ்வளவு நெருக்கம்னா, பிள்ளையைத் திட்டும்போதுகூட சார் சியூதான். "உன்னைப் பெத்ததுக்கு ஒரு துண்டு சார் சியூவைப் பெத்திருக்கலாம்" என்பது கான்டனீஸ் அம்மாக்களின் பிரசித்தமான வசவு. நம்ம அம்மாக்கள் அம்மிக்கல்லைச் சொல்வாங்க. அவங்க தின்னக்கூடிய பொருளாப் பார்த்துச் சொல்றாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்டீபன் சௌவின் 'தி காட் ஆஃப் குக்கரி' (1996) படத்துல கடைசிப் போட்டியில ஹீரோ வைக்கிறதும் சார் சியூவும் முட்டையும் போட்ட ஒரு தட்டுச் சோறுதான்.

இப்ப விடக்கூடாத மூணு விஷயங்கள்.

முதல் விஷயம், கறி. கடையில போய் "கொழுப்பே இல்லாம குடுங்க"ன்னு கேக்கறவங்க சார் சியூ செய்ய வேண்டாம். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல இருக்கற பகுதிதான் வேணும். அங்கேதான் கறிக்குள்ளேயே கொழுப்பு இழை இழையா ஓடும். ஹாங்காங் கடையில 'பூன் ஃபெய் சௌ' என்று கேட்பாங்க. பாதி கொழுப்பு, பாதி கறி என்று அர்த்தம். அந்தக் கொழுப்பு உருகித்தான் கறியைக் காயாம வச்சிருக்கு. தொடைக்கறியில் செஞ்சா எந்த சாஸாலும் காப்பாத்த முடியாது.

இன்னொண்ணு, நீள நீளமா நாலு செ.மீ. கனத்துல வெட்டுங்க. ஊறவைக்கும்போது உப்புதான் உள்ளே நல்லா இறங்கும், மசாலா பெரும்பாலும் மேலேயே நின்னுடும். பெரிய கட்டியா ஊறவச்சா வெளியே சார் சியூ, உள்ளே வெறும் அவிச்ச கறி.

ரெண்டாவது, மால்டோஸ் பாகு. சீனக் கடையில சின்ன டப்பாவுல தங்க நிறத்துல, கரண்டியே நுழையாத கெட்டியா இருக்கும். தேன் போதாதான்னு கேப்பீங்க. ஒப்பேத்தலாம். ஆனா தேன் தண்ணியா ஓடும், இனிப்பும் தூக்கலா இருக்கும். மால்டோஸ் சர்க்கரையை விட இனிப்பு கம்மி, பிசின் மாதிரி ஒட்டி நிக்கும், சூட்டுல நல்லா நிறம் பிடிக்கும். அந்தக் கண்ணாடிப் பளபளப்பு இதுலேர்ந்துதான் வருது. இதைக் கடைசியில்தான் தடவணும். முதல்லயே தடவினா கறி வேகறதுக்குள்ள பாகு கரியாயிடும்.

மூணாவது, காந்தல். சோத்துப் பானையில அடிப்பிடிச்ச காந்தலுக்கு வீட்டுல சண்டை நடக்குமே, அதே கதை இங்கேயும். ஓரம் கருகின துண்டை விவரம் தெரிஞ்சவங்க கேட்டு வாங்குவாங்க. இனிப்புக்கு எதிரா லேசா ஒரு கசப்பு. அது இல்லேன்னா வெறும் ஜாம் தடவின கறி.

விடலாம்னு சொன்னது என்ன? சிவப்பு! பழைய முறையில சிவப்புக்குன்னு தனியாப் பொடி போடறதில்லை. 'நாம் யூ' என்கிற புளிக்க வச்ச சிவப்பு டோஃபுவுல இருந்து வர்ற நிறம் அது. அந்த டோஃபுவுக்குச் சிவப்பு கொடுக்கிறது செவ்வரிசி, அதாவது ஒருவகைப் பூஞ்சை வளர்த்த அரிசி. அதுல வாசனையும் உண்டு, உப்பும் உண்டு. கலர் பொடியில் ரெண்டும் கிடையாது. கோலாலம்பூர்ப் பக்கம் நல்ல சார் சியூ கறுப்பாத்தான் இருக்கும். சிவப்பா இருந்தாத்தான் அசல்னு யார் சொன்னது?

செய்முறை சுருக்கமா. ஒரு கிலோ கறிக்கு சர்க்கரை 80 கிராம், சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, ஹோய்சின் சாஸ் 2 மேசைக்கரண்டி, சிப்பி சாஸ் 1 மேசைக்கரண்டி, நாம் யூ ஒரு கட்டி, ஐந்து மசாலாப் பொடி அரை டீஸ்பூன், பூண்டு நாலு பல், உப்பு அரை டீஸ்பூன். ரோஜா வாசனையுள்ள சீன மது கிடைச்சா ஒரு மேசைக்கரண்டி. கலந்து ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில். ஒரு நாளுக்கு மேல வேண்டாம், கறி இறுகிடும்.

அவன் 200 டிகிரி. கம்பி வலை மேல கறி, கீழே தட்டில் தண்ணி. தண்ணி இல்லேன்னா சொட்டற சர்க்கரையும் கொழுப்பும் கருகி வீடே புகை. திருப்பிப் போட்டு மொத்தம் 35 நிமிஷம் போல. முழுத்துண்டுப் பன்றிக்கறிக்கு உள்சூடு 63 டிகிரியும் மூணு நிமிஷ ஓய்வும் போதும்னு அமெரிக்க வேளாண் துறை 2011-ல் அறிவிச்சது. ஆனா கழுத்துக்கறி 70-ஐத் தாண்டினாத்தான் மெதுவாகும். அப்புறம் மூணு கரண்டி மால்டோஸை ஒரு கரண்டி வெந்நீர்ல இளக்கித் தடவி, மேல்சூட்டை மட்டும் வச்சு ரெண்டு மூணு நிமிஷம். திருப்பி இன்னொரு கை. ஓரம் கறுக்குற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க, டிவி பக்கம் போகாதீங்க. வெட்டறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஆறவிடுங்க. ஊறவச்ச சாறை மேலே ஊத்த நினைச்சா நல்லாக் கொதிக்க வச்சிட்டு ஊத்துங்க, அது பச்சைக்கறி கிடந்த சாறு.

அவன் இல்லையா? அதே கறியை, ஊறின சாறோடும் ஒரு கப் தண்ணியோடும் வாணலியில் மூடி வேகவிட்டு, மூடியைத் திறந்து சாறு வற்றிப் பாகாகிக் கறியைச் சுத்துற வரைக்கும் பிரட்டுங்க. பேரின்படி இது 'சுட்டது' இல்லைதான். ஆனா காந்தல் வரும்.

"பக்கத்துலயே கடை இருக்க, எதுக்கு இவ்வளவு கஷ்டம்?"னு கேட்டா என் பதில் இதுதான். கடையை ஜெயிக்கிறதுக்காக இல்லை. அந்த நிமிர்ந்த அடுப்புல நாலு பக்கமும் சூடு சுத்தி, துண்டுகள் தொங்கித் தொங்கி வேகுற பக்குவம் நம்ம அவனுக்கு வராது. ஆனா ஒரு தடவை கையால செஞ்சு பார்த்தவன், அடுத்த தடவை கடையில காஞ்ச சிவப்புத் துண்டை வச்சா கண்டுபிடிச்சிருவான்.

அனல்ல நின்னு விடியக்காலையில வேலை தொடங்குற தொழில் இது. ஹாங்காங்கில் இதைக் கத்துக்க வர்ற இளவட்டம் குறைஞ்சிட்டு வருது. இங்கேயும் மத்தியச் சமையற்கூடத்துல மொத்தமா செஞ்சு கடைக்கடையா அனுப்புறது சாதாரணமாப் போச்சு. சாயம் போட்ட தக்கைக்கும் நிஜ சார் சியூவுக்கும் வித்தியாசம் தெரியாம நாம ஒரே காசைக் குடுத்துட்டு இருந்தா, கஷ்டப்பட்டுச் செய்யறவர் எதுக்குக் கஷ்டப்படணும்? நல்ல மாஸ்டர் கடையைச் சாத்தினதுக்கு அப்புறம் "அந்தக் காலத்துல..."ன்னு புலம்பி ஒண்ணும் ஆகப்போறதில்லை. அவருக்குக் காசு மட்டும் பத்தாது, ருசி தெரிஞ்ச வாடிக்கையும் வேணும்.

அதனால ஒரு ஞாயித்துக்கிழமை முயற்சி பண்ணிப் பாருங்க. அடுத்த வாரமே நல்ல கடையாப் பார்த்துப் போய், கருகின ஓரமாக் கேளுங்க. மாஸ்டர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார் பாருங்க!

டிஸ்கி: கோழியில செய்யலாமான்னு கேக்கறவங்களுக்கு: செய்யலாம், மலேசியாவுல விக்கவும் செய்யறாங்க. தோலோட இருக்கற தொடைக்கறியா எடுங்க. நெஞ்சுக்கறி எடுத்துட்டு என்னைத் திட்டாதீங்க.